நொதிகளின் வரலாறு – 17: ஏசிஇ2, சாயலும் செயலும்

இத்தொடரில் இதுவரை பார்த்த நொதிகள் எல்லாம் தாங்கள் செய்த வேலையால்தான் முதலில் அகப்பட்டன. ஒரு சாற்றில் ஏதோ மாற்றம் நடக்கிறது, கொதிக்க வைத்தால் அது நின்றுபோகிறது. அப்படியானால் உள்ளே ஒரு நொதி இருக்க வேண்டும் என்று ஊகித்து, அதைச் சிறுகச் சிறுகத் தூய்மைப்படுத்தி, கடைசியில் அதற்குரிய மரபணுவரை போய்ச் சேர்ந்தார்கள். ஆஞ்சியோடென்சினை மாற்றும் நொதி, சுருக்கமாக ஏசிஇ, இந்தப் பழைய பாதையில் வந்ததுதான். கிளீவ்லாந்தில் லெனார்ட் ஸ்கெக்ஸும் அவருடைய குழுவினரும் 1956-இல் குதிரை ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். பாரிஸில் அதன் மரபணு வரிசை படித்து முடிக்கப்பட்டது 1988-இல். வேலை தெரிந்து 32 ஆண்டுகள் கழித்தே மரபணு தெரிந்தது. 2000-ஆம் ஆண்டில் ஏசிஇ2 என்ற நொதி வந்தபோது இந்த ஒழுங்கு தலைகீழானது. மரபணு முதலில் கைக்கு வந்தது. அந்த மரபணு உண்டாக்கும் நொதி உடலில் என்ன செய்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. வரிசையில் தெரிந்த உறவுச் சாயலை வைத்து அதன் வேலையைக் கணித்துவிட முடியுமா? முடியாது என்பதே என் வாதம். சாயல் அந்த நொதியின் பிறப்பைச் சொன்னது. அதன் செயலை ஒவ்வொரு படியிலும் தனித்தனியாகச் சோதித்தே அறிய வேண்டியிருந்தது. அப்படிச் சோதித்த ஒவ்வொரு முறையும் எதிர்பார்ப்பில் ஒரு பகுதி உடைந்தது.

எதிர்பார்ப்பு எதுவென்று புரிய, மூத்த நொதியான ஏசிஇயின் வேலையை முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். கல்லீரல் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை ரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகம் சுரக்கும் ரெனின் அதன் நுனியில் பத்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டை நறுக்குகிறது, அது ஆஞ்சியோடென்சின்–1. தன்னளவில் அதற்குப் பெரிய வலு இல்லை. ஏசிஇ அதன் வால்முனையிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களைச் சேர்த்து நீக்கிவிட, எட்டு எஞ்சுகிறது. அந்த எட்டுதான் ஆஞ்சியோடென்சின்–2: ரத்த நாளங்களைச் சுருக்குவது, அட்ரினல் சுரப்பியைத் தூண்டி உப்பை உடலில் தேக்குவது, ரத்த அழுத்தத்தை ஏற்றுவது. நாளங்களை விரிக்கும் பிராடிகைனினை அழிப்பதும் இதே ஏசிஇதான். ஆக, இரு வழியாலும் அது அழுத்தத்தை ஏற்றும் பக்கம் நிற்கிறது. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சில் பிராடிகைனினின் ஆற்றலைக் கூட்டும் பொருள் இருப்பதை செர்ஜியோ ஃபெரெய்ரா 1965-இல் வெளியிட்டார். அந்தத் தடத்தைப் பற்றிக்கொண்டு ஸ்குவிப் நிறுவனத்தில் மிகுவல் ஒன்டெட்டியும் டேவிட் குஷ்மனும் கேப்டோபிரிலை உருவாக்கினார்கள். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்துக்குப் பின் எனலாப்ரில், லிசினோப்ரில், ராமிப்ரில் என்று ஒரு குடும்பமே வந்தது. இன்று ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களில் ஏராளமானோர் இக்குடும்பத்தில் ஒன்றை விழுங்குகிறார்கள்.

பாரிஸ் குழு 1988-இல் படித்த வரிசையில் ஒரு வியப்பு இருந்தது. ஏசிஇ 1,306 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட புரதம். அதன் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. இரண்டிலும் ஒரு துத்தநாக அணுவைப் பிடித்துவைக்கும் அதே அமைப்பு இருந்தது. தொன்மையான ஒரு மரபணு தன்னைத்தானே இரட்டித்து உருவானதுதான் இன்றைய ஏசிஇ என்பதற்கு அது சான்று. ஒரு முறை இரட்டித்த மரபணு இன்னொரு முறையும் இரட்டித்து, எங்கோ ஒரு தங்கையை விட்டுச் சென்றிருக்கலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனாலும் அடுத்த பத்தாண்டுகளுக்கு மேல் மனிதரில் அப்படி எதுவும் அகப்படவில்லை. விரையில் காணப்படும் குட்டையான வடிவம்கூட அதே மரபணுவிலிருந்து வேறொரு தொடக்கத்தில் உருவாவதுதான். இந்தத் தேக்கத்தை உடைத்தவை தொண்ணூறுகளில் பெருகிய வரிசைத் தரவுகள். ஒரு திசுவில் இயங்கிக்கொண்டிருக்கும் மரபணுக்களின் ஆர்என்ஏ பிரதிகளை டிஎன்ஏவாக மாற்றி, அவற்றின் முனைகளை ஆயிரக்கணக்கில் படித்துச் சேமித்தார்கள். அந்தக் குவியலில் தெரிந்த ஒரு வரிசையின் சாயல் வேறெங்காவது தென்படுகிறதா என்று கணினியால் தேட முடிந்தது.

2000-ஆம் ஆண்டில் சில வார இடைவெளியில் இரண்டு குழுக்கள் ஒரே மரபணுவை அறிவித்தன. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் இருந்த மில்லெனியம் மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள், செயலிழந்துகொண்டிருந்த ஒரு மனித இதயத்தின் கீழறைத் திசுவிலிருந்து தயாரித்த படி-டிஎன்ஏ தொகுப்பில் அதைக் கண்டார்கள். ஏசிஇ2 என்று பெயரிட்டார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆன்டனி டர்னர், நைஜல் ஹூப்பர் ஆகியோரின் குழு, ஸ்மித்கிளைன் பீச்சம் நிறுவனத்தாருடன் சேர்ந்து அதையே தனியாகக் கண்டறிந்து ஏசிஇஎச் என்றது. நிலைத்தது முதல் பெயர். மரபணு எக்ஸ் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது, 18 எக்ஸான்கள் (புரதக் குறிப்பைத் தாங்கும் துண்டுகள்), அது உண்டாக்கும் புரதத்தின் நீளம் 805 அமினோ அமிலங்கள். ஏசிஇயில் இரண்டாக இருந்த வினைப்பகுதி இதில் ஒன்றே ஒன்று. அந்தப் பகுதியில் இரண்டு நொதிகளும் 42 விழுக்காடு ஒத்திருந்தன. எக்ஸான்களின் அளவுகள்கூடப் பலவிடத்தில் ஏசிஇயோடு பொருந்தின. இரண்டும் ஒரே மூதாதை மரபணுவின் வழிவந்தவை என்பதில் ஐயத்துக்கு இடமில்லாமல் போனது.

இந்த இடத்தில் நின்றுவிட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? துத்தநாகம் பிடிக்கும் அமைப்பு இருப்பதால் இது புரதத்தை நறுக்கும் உலோக நொதி, தொடக்கத்தில் இருக்கும் 17 அமினோ அமிலங்கள் அதைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் குறிப்பு, வாலில் நீர் ஒட்டாத ஒரு பகுதி இருப்பதால் இது செல்லின் சவ்வில் ஊன்றி நிற்கும், ஏசிஇ செய்வதையே செய்யும், கேப்டோபிரிலுக்குக் கட்டுப்படும். முதல் மூன்றும் சரியாகவே அமைந்தன. கடைசி இரண்டும் தவறின. லீட்ஸ் குழுவினர் சவ்வில் ஊன்றும் வாலை நறுக்கிவிட்டு எஞ்சிய பகுதியைச் சீன வெள்ளெலியின் சூலகச் செல்களில் உண்டாக்கிப் பார்த்தார்கள். சவ்வில் சிக்காமல் ஊடகத்தில் கரைந்து வந்த அந்தப் புரதம், ஒட்டியிருந்த சர்க்கரைத் தொடர்களையும் சேர்த்து 120 கிலோடால்டன் எடை காட்டியது. அதனிடம் ஆஞ்சியோடென்சின்–1ஐக் கொடுத்தபோது அது இரண்டுக்குப் பதில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை வாலிலிருந்து எடுத்தது. பத்து ஒன்பதானது, எட்டாகவில்லை. ஆஞ்சியோடென்சின்–2ஐக் கொடுத்தபோது அதிலும் ஒன்றை எடுத்து ஏழாக்கியது. ஏசிஇயின் வழக்கமான இரையான பிராடிகைனினைத் தொடவே இல்லை. கேப்டோபிரில், லிசினோப்ரில், எனலாப்ரிலாட் எதுவும் அதைத் தடுக்கவில்லை. துத்தநாகத்தைப் பிடுங்கிவிடும் ஈடிடிஏ சேர்த்ததும் நின்றுபோனது. துத்தநாகத்தைக் கொண்டு நறுக்குவது என்ற முறை குடும்பச் சொத்தாக வந்திருந்தது. எதை, எங்கே நறுக்குவது என்பது வேறாகியிருந்தது.

ஒரு நொதியின் தன்மையை வரையறுப்பது என்றால் அது எதை நறுக்குகிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வதும் போதாது. மில்லெனியம் குழுவின் முதல் அறிக்கை முன்னிறுத்தியது ஆஞ்சியோடென்சின்–1 ஒன்பதாகச் சுருங்குவதைத்தான். அது பொய்யில்லை, ஆய்வுக்குழாயில் நடப்பதுதான். இரண்டு ஆண்டுகளில் அதே நிறுவனத்தார் இன்னும் விரிவான சோதனை ஒன்றை நடத்தினார்கள். உடலில் காணப்படும் 126 பெப்டைடுகளை ஒவ்வொன்றாகத் தூய ஏசிஇ2வுடன் சேர்த்து, எஞ்சியவற்றை நிறைமாலைமானியில் எடைபோட்டார்கள். பதினொன்று மட்டுமே நறுக்கப்பட்டன. எல்லாவற்றிலும் வாலின் கடைசி ஒன்று மட்டுமே போயிருந்தது. எவ்வளவு திறமையாக நறுக்குகிறது என்று அளந்தபோது, ஆஞ்சியோடென்சின்–1ஐவிட ஆஞ்சியோடென்சின்–2இன் மேல் அதற்கு 400 மடங்கு அதிகத் திறன் இருந்தது. அளவு வந்ததும் கதையின் மையமே இடம்பெயர்ந்துவிட்டது. அழுத்தத்தை ஏற்றும் பெப்டைடை உருவாக்குவது ஏசிஇ; அதே பெப்டைடை அழிப்பது ஏசிஇ2. அழித்தபின் எஞ்சும் ஏழு அமினோ அமிலத் துண்டு வெறும் கழிவும் இல்லை. 1988-லேயே கார்லோஸ் ஃபெராரியோ, ராப்சன் சாந்தோஸ் முதலியோர் அதற்குத் தனிச் செயல் உண்டென்று காட்டியிருந்தார்கள். 2003-இல் சாந்தோஸின் குழு அது மாஸ் என்ற ஏற்பி வழியாக வேலை செய்கிறது என்று நிறுவியது. நாளங்களைத் தளர்த்துவது அதன் விளைவுகளில் ஒன்று. அக்காள் ஏற்றுவதைத் தங்கை இறக்குகிறாள் என்பதை 42 விழுக்காடு ஒப்புமையிலிருந்து யாராலும் படித்திருக்க முடியாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சாயலைத் தேடியதால்தானே அந்த மரபணுவே அகப்பட்டது, உலோக நொதி என்பதையும் சவ்வில் நிற்பதையும் சாயல்தானே சரியாகச் சொன்னது, ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்கு இன்று இப்படித்தானே வேலை குறிக்கப்படுகிறது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. வரிசை ஒப்புமை இல்லாமல் ஏசிஇ2 இன்னும் பல ஆண்டுகள் மறைந்தே இருந்திருக்கும். ஆனால் ஒப்புமை எந்த வகைக் கேள்விக்கு விடை தருகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புரதத்தின் பொது மடிப்பும் வேதிவினையின் அடிப்படை முறையும் நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களில் பரவிக் கிடப்பவை. அவை பல கோடி ஆண்டுகளிலும் மாறாமல் நிற்கும். எதை நறுக்குவது என்ற தேர்வோ, வினைக்குழியின் சுவரில் இருக்கும் ஓரிரு அமினோ அமிலங்களில் அடங்கியிருக்கிறது. ஒரே கொல்லன் பட்டறையில் ஒரே இரும்பில் அடித்தது கதிர் அறுக்கும் அரிவாளாகவும் ஆகும், தேங்காய்த் துருவியாகவும் ஆகும். இரும்பைப் பார்த்துப் பயனைச் சொல்ல முடியாது. 2004-இல் ஏசிஇ2வின் படிக அமைப்பு வெளிவந்தபோது இது கண்ணுக்கே தெரிந்தது. ஏசிஇயில் குளூட்டமின் இருக்கும் ஓரிடத்தில் ஏசிஇ2வில் 273-ஆவது எண்ணில் பருமனான ஆர்ஜினின் நிற்கிறது. அது குழியின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொள்வதால், இரண்டு அமினோ அமிலங்கள் உட்கார வேண்டிய இடத்தில் ஒன்றுக்குத்தான் இடம். கேப்டோபிரில் வகை மருந்துகளுக்கும் அதே அடைப்புதான் தடை. லீட்ஸ் குழு பின்னர் அந்த ஆர்ஜினினை மாற்றிப் பார்த்தது. நொதியின் செயலே அழிந்துபோனது. இத்தகைய ஒற்றை மாற்றம் விழுக்காட்டுக் கணக்கில் கண்ணில் படவே படாது.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. எனக்கு இதுவே கடினமானதாகப் படுகிறது. ஆய்வுக்குழாயில் அளந்த திறன் மட்டும் உடலில் நடப்பதைச் சொல்லிவிடுமா? குழாயில் ஒரு நொதியும் ஒரு பெப்டைடும் தனியே சந்திக்கின்றன. உடலிலோ நூறு நொதிகள் ஒரே பெப்டைடுக்குப் போட்டியிடுகின்றன. இதற்கு விடை தேடத்தான் மரபணு நீக்கிய சுண்டெலிகள் வந்தன. 2002-இல் டொரான்டோவில் யோசெஃப் பென்னிங்கரின் குழு ஏசிஇ2 இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியபோது, அவற்றின் இதயத்தின் சுருங்கும் வலு குறைந்திருந்தது, ஆஞ்சியோடென்சின்–2 கூடியிருந்தது. அதே சுண்டெலிகளில் ஏசிஇயையும் நீக்கியதும் இதயம் மீண்டது. ஒன்று ஏற்றுவதை மற்றொன்று இறக்குகிறது என்ற கருத்துக்கு உயிருள்ள உடலில் கிடைத்த நேரடிச் சான்று அது. ஆனால் 2006-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் வேறொரு குழு தனியாக உருவாக்கிய ஏசிஇ2 இல்லாத சுண்டெலிகளில் இதயக் கோளாறு தென்படவில்லை. ரத்த அழுத்தம் ஒரு சுண்டெலி இனத்தில் சற்றே கூடியது, இன்னொன்றில் கூடவில்லை. ஆஞ்சியோடென்சின்–2ஐ வெளியிலிருந்து செலுத்தியபோது ஏசிஇ2 இல்லாதவற்றின் அழுத்தம் மற்றவற்றைவிட அதிகமாக ஏறியது. இரண்டு முடிவுகளையும் சேர்த்து வாசித்தால், நெருக்கடியில் இந்த நொதி தேவைப்படுகிறது, அமைதிக் காலத்தில் அதன் குறையை உடல் வேறு வழியில் ஈடுசெய்துகொள்ளவும் கூடும் என்றுதான் சொல்ல முடியும். இந்த மறுப்பு என் வாதத்தைத் தளர்த்தவில்லை. வரிசை போதாது என்பதோடு குழாயும் தனியே போதாது என்று சேர்த்துச் சொல்கிறது.

எங்கே இருக்கிறது என்ற எளிய கேள்விகூட ஒரே தடவையில் தீரவில்லை. முதல் அறிக்கையில் 23 மனிதத் திசுக்களைப் பார்த்து இதயம், சிறுநீரகம், விரை மூன்றில் மட்டுமே இருப்பதாக எழுதினார்கள். 2002-இல் இன்னும் கூர்மையான அளவு முறையில் 72 திசுக்களைப் பார்த்தவர்களுக்குச் சிறுகுடலிலும் அது மிகுதியாக இருப்பது தெரிந்தது. ரத்த அழுத்தத்தோடு கட்டிய கதையில் குடலுக்கு என்ன வேலை? விடை புரதத்தின் வாலில் இருந்தது. ஏசிஇ2வின் முன்பகுதி ஏசிஇயைப் போன்றது; பின்பகுதிக்கு ஏசிஇயுடன் உறவே இல்லை. 2001-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சிறுநீரகத்தில் கண்ட கொலெக்ட்ரின் என்ற சிறு புரதம் அந்தப் பின்பகுதியை ஒத்திருந்தது. கொலெக்ட்ரினுக்கு நறுக்கும் பகுதியே கிடையாது, அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் ஏசிஇ2வின் பக்கத்து வீட்டுக்காரர். சிறுநீரகத்தில் அமினோ அமிலங்களைத் திரும்ப உறிஞ்சும் கடத்திப் புரதங்களைச் சவ்வில் நிலைநிறுத்துவது கொலெக்ட்ரினின் வேலை என்று 2006-இல் தெரிந்தது. குடலில் அதே வேலையைச் செய்வது ஏசிஇ2. ஹார்ட்நப் என்ற பரம்பரை நோயில் பழுதாகும் அமினோ அமிலக் கடத்தி குடலில் ஏசிஇ2வின் துணையால்தான் நிற்கிறது. 2012-இல் பென்னிங்கர் குழுவினர், ஏசிஇ2 இல்லாத சுண்டெலிகளின் குடல் டிரிப்டோஃபானைச் சரியாக உறிஞ்சாமல் எளிதில் கடும் அழற்சிக்கு ஆளாவதைக் காட்டினார்கள். நிக்கோட்டினமைடு கொடுத்ததும் அந்த நிலை சீரடைந்தது. நறுக்குவதோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பொறுப்பு இது. ஏசிஇயோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்த கண்ணுக்கு இந்தப் பாதி தெரியவே வாய்ப்பில்லை.

இதற்கு நடுவே, யாருமே எதிர்பாராத திசையிலிருந்து மூன்றாவது முகம் தெரிந்தது. 2003-இல் சார்ஸ் தொற்று எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கி 774 பேரைக் கொன்றது. ஹார்வர்டில் மைக்கேல் ஃபர்சானின் குழு, அந்த வைரஸின் முள்புரதத்தின் ஒரு பகுதியைத் தூண்டிலாக்கி, வைரஸ் நன்றாக வளரும் குரங்குச் சிறுநீரகச் செல்களில் அது எதைப் பற்றிக்கொள்கிறது என்று தேடியது. சிக்கிய புரதத்தை நிறைமாலைமானியில் இனங்கண்டபோது அது ஏசிஇ2. அந்த ஆண்டு நவம்பரில் முடிவு வெளியானது. முள்புரதம் பற்றுவது நொதியின் வெளி விளிம்பை. நறுக்கும் குழியை அது தொடுவதில்லை என்பது 2005-இல் வந்த படிக அமைப்பில் தெளிவானது. நொதிச் செயலுக்கும் வைரஸ் நுழைவுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனாலும் மறைமுகத் தொடர்பு இருந்தது: தொற்றிய சுண்டெலிகளின் நுரையீரலில் ஏசிஇ2 குறைவதையும், அது குறைந்தால் நுரையீரல் காயம் கடுமையாவதையும் அதே ஆண்டில் பென்னிங்கருடன் பணியாற்றியவர்கள் காட்டினார்கள். அதை வைத்து ஏசிஇ2வையே மருந்தாகச் செலுத்தலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 2017-இல் வெளியான சிறிய ஆய்வில், நுரையீரல் செயலிழந்த நோயாளிகளுக்கு அதைச் செலுத்தியபோது ரத்தத்தில் ஆஞ்சியோடென்சின்–2 குறைந்தது. நுரையீரல் அதனால் குறிப்பிடத்தக்கபடி தேறவில்லை. சுண்டெலியில் கிடைத்த விடையையும் மனிதரில் மறுபடி கேட்டே ஆக வேண்டியிருந்தது.

இவை ஆய்வகத்தோடு முடியும் நுணுக்கங்கள் என்று நினைப்பவர்களுக்கு 2020 பதில் தந்தது. புதிய கொரோனா வைரஸும் ஏசிஇ2 வழியாகவே நுழைகிறது என்று தெரிந்த சில வாரங்களில், ஏசிஇயைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து அதிகமோ என்ற கேள்வி மருத்துவ இதழ்களிலிருந்து வீடுகளுக்குப் பரவியது. அம்மாத்திரைகள் ஏசிஇ2வைத் தடுப்பதில்லை என்பது 2000-லேயே தெரிந்த செய்தி. கவலைக்கு ஆதாரம் வேறு: லிசினோப்ரிலோ, ஆஞ்சியோடென்சின்–2இன் ஏற்பியை அடைக்கும் லோசார்டனோ கொடுத்த எலிகளின் இதயத்தில் ஏசிஇ2வின் ஆர்என்ஏ கூடியதாக 2005-இல் வந்த ஓர் ஆய்வு. எலியின் இதயத்தில் கூடியது மனிதரின் நுரையீரலிலும் கூடும், கூடினால் வைரஸ் எளிதாக நுழையும், நுழைந்தால் நோய் முற்றும் என்று மூன்று ஊகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்த அச்சம் நிற்கும். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் ரத்த அழுத்தக் குழு மார்ச் 13 அன்றே மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று அறிக்கை விட்டது. நிறுத்துவதால் இதயத்துக்கு நேரும் தீங்கு உறுதியானது, வைரஸால் நேரக்கூடியது வெறும் ஊகம் என்பதால் அந்த அறிவுரை சரியானது என்றே நான் கருதுகிறேன். பிரேசிலில் 659 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பிரிவினரின் மாத்திரையை 30 நாள் நிறுத்தியும் மறுபிரிவினருக்குத் தொடர்ந்தும் பார்த்தார்கள். உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே இருந்த நாட்களின் சராசரி நிறுத்தியவர்களுக்கு 21.9, தொடர்ந்தவர்களுக்கு 22.9; வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. அதே கோட்பாட்டின் மறுபுறத்தை நம்பி, தீவிர சிகிச்சையில் இருந்த கோவிட் நோயாளிகளுக்கு இவ்வகை மருந்துகளைப் புதிதாகத் தொடங்கிப் பார்த்த இன்னொரு பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. மருந்து பெற்றவர்கள் தேறவில்லை. பெறாதவர்களைவிட அவர்களின் நிலை மோசமாகியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று அது கண்டது.

(தொடரும்)